இடிந்த கோட்டையும் எழுதப்படாத பெயர்களும்

"அரசர்கள் ஒழிந்தார்கள், அவர்கள் கட்டிய கோட்டைகள் மட்டும் எதற்கு? இடிகின்றவை இடியட்டும். அவற்றைக் காக்கச் செலவிடும் பணத்தில் இரண்டு பள்ளிக்கூடங்கள் கட்டலாமே!" என்று கூறும் சீர்திருத்த அன்பர்கள் நம்மிடையே பலர் உளர். அவர்கள் கூற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. ஏழைகளின் முதுகில் ஏற்றிய கல்லைக் கண்டு, "ஆ! என்ன அற்புதம்!" என்று வாய் பிளந்து நிற்பது பகுத்தறிவுடையார்க்கு அழகன்று. ஆயினும் அக்கூற்றை முற்றிலும் ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. காரணத்தை வெறும் வாதமாகச் சொல்வதினும், ஒரு கோட்டையின் சரித்திரத்தைக் கொண்டு சொல்லுதல் நலமென எண்ணுகிறேன்.

பிரஞ்சு தேசத்தின் வட பாகமாகிய நார்மண்டியில், பாரிஸ் பட்டணத்திற்கு வடமேற்கே ஏறக்குறைய 60 மைல் தொலைவில், லெசாந்தெலி என்றோர் ஊர் இருக்கிறது. ஸேன் நதி அவ்விடத்தில் பெருவளைவாக வளைந்து செல்கிறது. அவ்வளைவை நோக்கி, ஏறக்குறைய 300 அடி உயரமுள்ள வெண்சுண்ணாம்புக் குன்றின் உச்சியில், பல் உதிர்ந்த கிழவன் வாய்போல ஒரு கோட்டை இடிந்து நிற்கிறது. ஷாத்தோ கையார் என்பது அதன் பெயர். 'கையார்' என்னும் பிரஞ்சுச் சொல்லுக்குத் துணிவும் துடுக்கும் கலந்த பொருள் உண்டு. ஆகவே, துடுக்குக் கோட்டை என்று நாம் அதனை வழங்கலாம்.

அதனைக் கட்டியவன் இங்கிலாந்து மன்னன் முதலாம் ரிச்சர்டு. ஆங்கிலப் பள்ளியில் நான் பயின்ற நாளில், 'சிங்க நெஞ்சன்' என்று சரித்திரப் பாடம் அவனைப் போற்றிற்று. அவனுக்குப் படம் உண்டு, குதிரை உண்டு, கொடி உண்டு. பத்தாண்டு ஆட்சியில் அவன் இங்கிலாந்தில் தங்கியிருந்தது ஏறக்குறைய ஆறு மாதமே என்பது மட்டும் அப்பாடத்தில் இல்லை. சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வழியில், 1192-ம் ஆண்டு அவன் பகைவர் கையில் அகப்பட்டான். அவனை மீட்க 150,000 மார்க்கு வெள்ளி கேட்டார்கள். அதன் பெரும்பகுதியைக் குடிகளிடம் வரியாகப் பிழிந்து செலுத்திய பிறகே 1194-ல் விடுதலை கிடைத்தது. அவன் சிறையிருந்த காலத்தில் பிரஞ்சு மன்னன் இரண்டாம் பிலிப்பு நார்மண்டியின் எல்லைப்புறத்தைக் கைப்பற்றிக்கொண்டான். நார்மண்டி அக்காலத்தில் இங்கிலாந்து மன்னனுக்கு உரியது. அதன் தலைநகராகிய ரூவானுக்குச் செல்லும் ஆற்றுவழி இதனால் திறந்து கிடந்தது.

1196-ம் ஆண்டு தொடக்கத்தில் இரு மன்னரும் உடன்படிக்கை ஒன்று செய்துகொண்டனர். அந்தெலியில் எவரும் அரண் எழுப்பலாகாது என்பது அதில் ஒரு விதி. அவ்வாண்டு முடியுமுன்னரே ரிச்சர்டு அங்கே அரண் எழுப்பத் தொடங்கிவிட்டான். அன்றியும் அந்த நிலம் அவனுடையதன்று. ரூவான் தலைமைக் குருவாகிய வால்ட்டருக்கு உரியது. நல்ல வருமானம் தரும் அந்நிலத்தைக் கொடுக்கக் குருவுக்கு மனமில்லை. அரசனோ கேளாமலே எடுத்துக்கொண்டான். குரு ரோமாபுரிக்கு முறையிடப் புறப்பட்டார். புறப்படுமுன் நார்மண்டி முழுவதும் வழிபாட்டையும் சடங்குகளையும் நிறுத்திவைத்தார்.

இங்கே அன்பர்கள் சற்று நின்று நோக்க வேண்டும். குருவுக்கும் கோமகனுக்கும் நிலத்தகராறு. அதற்குத் தண்டனை யாருக்கு? நார்மண்டி நகரங்களின் தெருக்களிலும் சதுக்கங்களிலும் இறந்தவர் உடல்கள் அடக்கம் செய்யப்படாமல் கிடந்தன என்று அக்காலத்துச் சரித்திரக்காரராகிய ஹவ்டன் ஊர் ரோஜர் எழுதியிருக்கிறார். சடங்கின்றிப் புதைத்தால் ஆன்மாவுக்கு நற்கதி இல்லை என்று மக்களை நம்பவைத்தவர்களே, அச்சடங்கைப் பூட்டிவைத்துப் பேரம் பேசினார்கள். பேரமும் முடிந்தது. 1197-ல் தியேப் துறைமுகமும் வேறு ஊர்களும் குருவுக்குக் கிடைத்தன, மூன்றாம் செலஸ்டின் என்னும் போப்பாண்டவர் தடையை நீக்கினார், குன்று அரசனுக்காயிற்று. தெருவில் கிடந்த உடல்களுக்கு ஒருவரும் ஈடு கொடுத்ததாகத் தெரியவில்லை.

நிற்க. நான் தோட்டத்துக் கிராணி. அரசர்கள் போரைவிட அரசர்கள் கணக்கே என் கண்ணில் முதலில் படும். நார்மண்டி அரசாங்கத்தின் 1198-ம் ஆண்டு வரவுசெலவுச் சுருள் இன்றும் இருக்கிறது. இரண்டே ஆண்டுகளில் இக்குன்றின்மேல் ஏறக்குறைய 12,000 பவுன் செலவாயிற்றென அறிஞர் கணக்கிடுகின்றனர். ரிச்சர்டின் ஆட்சிக்காலம் முழுவதிலும் இங்கிலாந்திலுள்ள எல்லாக் கோட்டைகளுக்கும் சேர்த்துச் செலவான தொகை ஏறக்குறைய 7,000 பவுன்தான். மீட்புப் பணம் கொடுத்து இளைத்த நாட்டின் மேல் இச்சுமையும் ஏறிற்று.

அச்சுருளில் யார் யாருக்குப் பணம் கொடுக்கப்பட்டது? கல் உடைப்போர், கல் செதுக்குவோர், கொத்தர், சுண்ணாம்பு சுடுவோர், தச்சர், கொல்லர், மரம் வெட்டுவோர், வண்டியோட்டிகள், நீர் சுமப்போர், கூடை சுமப்போர், பாறையைக் குடைந்து அகழி வெட்டுவோர், இவர்கள் எல்லாரையும் காவல் காக்கும் வீரர் என்று இனவாரியாகச் செலவு எழுதப்பட்டிருக்கிறது. நன்றாக எழுதிய கணக்கு. ஆனால் தலைமைக் கொத்தன் பெயர் அதில் இல்லை. ஆகவே அரசனே திட்டம் வகுத்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் கருதுவதுண்டு. அஃது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பாறையை அரசன் குடைந்திருக்க மாட்டான். நீரை அவன் சுமந்திருக்க மாட்டான். குடைந்தவனும் சுமந்தவனும் தொகையாகிச் சுருளுக்குள் மறைந்தார்கள். கணக்கெழுதும் தொழிலில் இருப்பவனுக்கு இது நன்றாக விளங்கும். தொகை சரியாயிருந்தால் மேலிடத்தார்க்குப் போதும். பெயரை யார் கேட்கிறார்கள்?

கட்டிய வேலை உயர்ந்த வேலை என்பதை மறுப்பதற்கில்லை. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மதிற்சூழல்கள். ஒன்று வீழ்ந்தாலும் அடுத்ததற்குப் பின்வாங்கலாம். ஒவ்வொன்றையும் பிரிப்பதற்குப் பாறையில் வெட்டிய அகழி. உட்சூழலின் மதில் தட்டையாக இராமல், அரைவட்டம் அரைவட்டமாக வெளியே புடைத்து, அலையலையாகச் செல்கிறது. எறிந்த கல் நேரே தாக்காமல் சறுக்கிப்போவதற்கு அது வழி. இத்தகைய பெரிய கோட்டை இவ்வளவு விரைவில் எழுந்தது அக்காலத்தார்க்கு வியப்பைத் தந்தது. தன் ஒரு வயது மகள் என்று ரிச்சர்டு அதனைக் கொஞ்சியதாகக் கதை உண்டு. 1198-ல் வேலை நடந்தபோது குன்றின்மேல் இரத்தமழை பெய்ததென்று ஒரு மடத்துச் சரித்திரக்காரர் எழுதிவைத்தார். மழையின் நிறத்தைக் கண்டு அஞ்சியவர்கள், வேலையில் நசுங்கிய கைகளின் இரத்தத்தைக் கண்டு அஞ்சினார்களா என்பதை அவர் எழுதவில்லை.

1199-ம் ஆண்டு வேறொரு சிறு கோட்டையை வளைத்திருந்தபோது ரிச்சர்டு அம்புபட்டு மாண்டான். அவன் தம்பி ஜான் அரசனானான். 1203-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிலிப்பு பெரும்படையுடன் வந்தான். ஜான் அனுப்பிய உதவிப்படை தோற்றது. ஆற்றிடைத் தீவிலிருந்த சிற்றரணும் வீழ்ந்தது. குன்றின் அடியில் ரிச்சர்டு அமைத்த புதிய ஊர் ஒன்று இருந்தது. அரசனின் கோட்டை அருகில் இருப்பதே பாதுகாப்பென்று நம்பி அங்கே குடிபுகுந்த மக்கள், பகைவர் படை நெருங்கியதும் மேலே ஓடிக் கோட்டைக்குள் புகுந்தனர். அவர்கள் தொகை 1,400 முதல் 2,200 வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகின்றனர். கோட்டைக்குள் இருந்த தலைகள் ஐந்து மடங்குக்கு மேல் பெருகிவிட்டன.

கோட்டைத் தலைவன் ரோஜர் தெ லேசி என்பவன். அவன் களஞ்சியத்தைக் கணக்கிட்டுப் பார்த்தான். வில் ஏந்தாத வாய்க்கு விடும் சோறு வீண் என்று தீர்மானித்தான். முதலில் 500 பேரை வெளியேற்றினான். பிரஞ்சு வீரர் இரங்கி வழிவிட்டனர். சில நாட்களுக்குப் பின் ஏறக்குறைய அதே அளவான இரண்டாம் கூட்டம் வெளியேறிற்று. அதற்கும் வழி கிடைத்தது. அச்சமயம் பிலிப்பு அங்கில்லை. செய்தியறிந்ததும், இனி ஒருவரையும் விடலாகாதென்று உத்தரவிட்டான். வாய்கள் உள்ளே இருந்தால்தானே களஞ்சியம் விரைவில் காலியாகும்? ஒருவன் கணக்குக்கு மற்றவன் எதிர்க்கணக்கு. ரோஜர் மூன்றாம் முறையும் கதவைத் திறந்தான். குறைந்தது 400 பேர், ஒருவேளை 1,200 பேர் வரை, வெளியே தள்ளப்பட்டனர். அவர்கள் பிரஞ்சு வரிசையை நோக்கி நடந்தபோது அம்புகள் பாய்ந்தன. திரும்பி ஓடினார்கள். கோட்டைக் கதவு அடைத்திருந்தது.

அது மாரிக்காலத் தொடக்கம். நமது நாட்டு மழைக்காலத்தை எண்ணற்க. அங்கே நீர் உறையும் குளிர். மதிலுக்கும் பகைவர் அகழிக்கும் இடையே, பாறைச் சரிவில், கூரையின்றி ஏறக்குறைய மூன்று மாதம் அந்த மக்கள் கிடந்தார்கள். கிழவரும் பெண்டிரும் குழந்தைகளும் அவர்களில் இருந்தனர். புல்லையும் பூண்டையும் தின்றார்கள். கோட்டையிலிருந்து துரத்தப்பட்ட நாய்களைத் தின்றார்கள். தவறி வந்து விழுந்த ஒரு கோழியை இறகோடு தின்றார்கள். இவற்றையெல்லாம் எழுதிவைத்தவர் பிலிப்பு மன்னனுடைய குருவும் புலவருமாகிய கியோம் என்பவர். முற்றுகையை நேரில் கண்டவர். எழுதக் கூசும் செயல்கள் சிலவற்றையும் அவர் எழுதியிருக்கிறார். அவற்றை நான் இங்கு சொல்லப் போவதில்லை.

1204 பிப்ரவரியில் பிலிப்பு அவ்வழி வந்தபோது அவர்கள் கூக்குரலிட்டார்கள். அவன் உணவு கொடுத்து விடுவிக்கச் சொன்னான். அதற்குள் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டுபோயினர். பட்டினி கிடந்த வயிற்றில் உணவு விழுந்ததும் மேலும் பலர் இறந்தனர். ஒருவன் கையில் நாயின் தொடையொன்றைப் பற்றியிருந்தானாம். அதை எறிந்துவிடு என்று சொன்னார்கள். வயிறு நிறைய ரொட்டி கிடைத்தாலொழிய எறியேன் என்று அவன் மறுத்துவிட்டானாம். அரசன் இரக்கத்தைப் புகழ்வதற்காகவே கியோம் இதனை எழுதினார். நான் படிக்கும்போது அரசன் கண்ணில் படவில்லை. அந்த மனிதன்தான் நிற்கிறான். அவன் பெயரையும் எவரும் எழுதவில்லை. முற்றுகைச் சரித்திரங்களில் இத்தகையோர்க்கு ஒரு பொதுப்பெயர் உண்டு: 'பயனற்ற வாய்கள்'.

அவர்களை வெளியேற்றியதால் கோட்டை தப்பிற்றா? இல்லை. மதில்கள் இரும்பாயிருந்தாலும் பிடிப்பேன் என்று பிலிப்பும், வெண்ணெயாயிருந்தாலும் காப்பேன் என்று ரிச்சர்டும் வீரம் பேசியதாகக் கதை. பிலிப்பின் சுரங்கக்காரர் அடிவாரத்தைத் தோண்டி முதற் சூழலின் கொத்தளத்தைச் சாய்த்தனர். ஜான் பிற்பாடு கட்டுவித்த தொழுகைக் கூடத்தின் சன்னல் வழியே சில வீரர் ஏறி இரண்டாம் சூழலுள் நுழைந்தனர். உட்சூழலுக்கு முன்னுள்ள அகழியில், கட்டியவர்கள் வெட்டாமல் பாலமாக விட்டிருந்த பாறையே தோண்டுவோர்க்கு மறைவாயிற்று. 1204 மார்ச்சு 6-ந் தேதி கோட்டை வீழ்ந்தது. எஞ்சியிருந்தவர் 20 பிரபு வீரரும் 120 போர்வீரருமே. ஜூன் மாதம் ரூவானும் பணிந்தது. நார்மண்டி இங்கிலாந்தின் கையைவிட்டுப் போயிற்று. 12,000 பவுனும் ஆயிரம் உயிரும் காத்த காலம் ஆறு ஆண்டு!

பிற்காலச் சரித்திரத்தை விரைந்து கூறிவிடலாம். கற்புத் தவறினாளென்று குற்றஞ்சாட்டப்பெற்ற பிரஞ்சு இளவரசி மார்கரெட் 1314-ல் இங்கே அடைக்கப்பட்டு அடுத்த ஆண்டு இறந்தாள். ஸ்காட்லாந்தின் இளம் அரசன் இரண்டாம் டேவிட் நாடிழந்து 1334 முதல் 1341 வரை இங்கே அடைக்கலம் இருந்தான். நூறாண்டுப் போரில் கோட்டை பலமுறை கைமாறியது. 1419-ல் அது ஆங்கிலேயரிடம் பணிந்ததற்குக் காரணம், கிணற்றில் நீர் இறைக்கும் கயிறுகள் தேய்ந்துபோனதே என்பர். 1573-ல் ஒருவரும் குடியிராத பாழாகக் கிடந்தது. கொடியோர் கையில் அகப்பட்டால் மீண்டும் தொல்லையாகும் என்று பிரதிநிதி சபையார் விண்ணப்பிக்க, 1599-ல் நான்காம் ஹென்றி மன்னன் அதனை இடிக்கக் கட்டளையிட்டான். கப்புச்சின் துறவிகள் தங்கள் மடங்களைச் செப்பனிடக் கல் எடுத்துப்போக அனுமதி பெற்றனர். குருவின் நிலத்தில் எழுந்த கோட்டையின் கல், குருமார் மடத்துச் சுவருக்கே போயிற்று. 1611-ல் இடிப்பும் நின்றது.

1862-ல் பிரஞ்சு சர்க்கார் இதனைச் சரித்திரச் சின்னமாகப் பதிந்து காவலில் வைத்தது. இங்கேதான் பாதுகாப்பு என்பதன் பொருளை நாம் ஆராய வேண்டும். அக்காலத்தில் வியோலே ல தூக் என்னும் புகழ்பெற்ற சிற்பக்கலை அறிஞர் இருந்தார். அவர் தமது பெரிய அகராதியில் இக்கோட்டையை விரிவாக வருணித்து, முன்பு எப்படி இருந்திருக்கும் என்று படமும் வரைந்தார். அவரே மூன்றாம் நெப்போலியனுக்காகப் பியேர்போன் என்னும் வேறோர் இடிந்த கோட்டையைப் புத்தம் புதிதாக எழுப்பிக் கொடுத்தார். அதைக் காண்போர்க்குக் கோபுரமும் கொடியும் தெரியும்; எது பழமை, எது 19-ம் நூற்றாண்டு என்பது எளிதில் தெரியாது. நல்வினையாக நமது துடுக்குக் கோட்டைக்கு அந்த மரியாதை நேரவில்லை. 1990-க்குப் பின் வந்த ஆண்டுகளில் அங்கே அகழ்ந்து ஆராய்ந்தார்கள். வடபுறத்தில் இருந்ததாக அவ்வறிஞர் கருதிய வாயிலைத் தேடினார்கள், அது அகப்படவில்லை. அதற்கு மாறாக, பீரங்கிக் காலத்தில் சேர்த்த ஒரு கட்டடத்தின் அடிப்பாகம் வெளிப்பட்டது. அவர் வரைந்தபடி கட்டியிருந்தால், இல்லாத வாயில் ஒன்று இன்று உண்மைபோல் நிற்கும். இருந்த உண்மை அதன்கீழ் நசுங்கியிருக்கும்.

ஆகையால் பாழைப் பாழாகவே காப்பது ஒரு தனி வேலை. எளிய வேலையும் அன்று. மேலே பதித்த செதுக்குக் கல்லைப் பெயர்த்த சுவரில், உள்ளீடான சிறுகல்லும் காரையும் வெளியே தெரியும். அதற்குள் மழைநீர் இறங்கும். குளிரில் அந்நீர் உறைந்து பருத்துக் கல்லைப் பிளக்கும். பிளவில் வேர் நுழையும். காப்பவர் செடியைப் பக்குவமாக நீக்க வேண்டும். சுவரின் தலையில் நீர் தங்காமல் மூட வேண்டும். சந்துகளைப் பழைய முறைச் சுண்ணாம்புக் காரையால் நிரப்ப வேண்டும். அவசரப்பட்டுச் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுக் கல்லே பொடியாகும். இவ்வேலையில் முடிவு என்பது இல்லை. ஒவ்வொரு மாரிக்குப் பின்னும் மீண்டும் பார்க்க வேண்டும். செய்தவன் திறமை வெளியே தெரியாமல் இருப்பதே இதன் சிறப்பு.

இவ்வளவு பாடு எதற்கு என்னும் கேள்விக்கு இப்போது வருகிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு தோட்டம் கைமாறியது. லயங்களைக் காலி செய்வதற்காக, வேலையிலுள்ளோர் ஒரு பக்கம், வேலையில் இல்லாதோர் ஒரு பக்கம் என்று பட்டியல் போடச் சொன்னார்கள். ஒரு பாட்டி அலுவலகத்து வாசலில் வந்து, "கிராணி ஐயா, என் பேரு எந்தப் பக்கத்துலே இருக்கு?" என்று கேட்டாள். பால்மரம் வெட்டி, பிறகு செம்பனைக் கன்று நட்டு, முதுகு வளைந்து செக்ரோலிலிருந்து நீங்கியவள். அவள் வேலை செய்ததற்கு என்ன அத்தாட்சி என்று மேலிடத்தில் கேட்டனர். சாமான் கொட்டடியில் கறையான் தின்று மீந்த பழைய செக்ரோல் புத்தகங்கள் எரிப்பதற்காகக் கட்டிவைக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பிரித்துத் தேடினேன். அவள் பெயர் இருந்தது. ஒரு மாதமன்று, 31 வருஷம் இருந்தது. வீடு அவளுக்கு நிலைக்கவில்லை. ஆனால் இவள் யார் என்று பிறகு ஒருவரும் கேட்கவில்லை; சிறிது உதவித்தொகையும் கொடுத்தார்கள். புத்தகம் எரிந்திருந்தால் அதுவும் இல்லை.

ஷாத்தோ கையாரை நான் அந்தப் புத்தகமாகவே காண்கிறேன். இடித்துத் தரைமட்டமாக்கினால் நஷ்டம் அரசனுக்கு அன்று. அவனுக்குப் பாடப்புத்தகம் இருக்கிறது, படம் இருக்கிறது, 'சிங்க நெஞ்சன்' என்ற பட்டம் இருக்கிறது. பாறையைக் குடைந்தவனுக்கு அந்த அகழியைத் தவிர வேறென்ன இருக்கிறது? மதிலின் வெளிப்புறச் சரிவில் செத்தவளுக்கு அந்தச் சரிவைத் தவிர வேறு கல்லறை ஏது? கதவு எங்கே இருந்தது, அதற்கும் பகைவர் வரிசைக்கும் எவ்வளவு தூரம், குளிர்காற்று எப்பக்கமிருந்து அடிக்கும் என்பவற்றை அந்த இடமே சொல்லும். புலவர் தம் மன்னனைப் புகழ எழுதியதை அந்த இடத்தில் நின்று நாம் வேறுவிதமாகப் படிக்கலாம். இடம் அழிந்தால் புகழ் மட்டுமே மிஞ்சும்.

பள்ளிக்கூடம் வேண்டாமென்று நான் கூறவில்லை. பள்ளிக்கூடம் வேண்டும், அதில் சொல்லிக்கொடுக்கும் சரித்திரத்தைச் சோதித்துப் பார்க்கச் சில கற்களும் சில காகிதங்களும் வேண்டும். அரசர் கோட்டையைக் காப்பவர்களை நாம் ஏசவேண்டியதில்லை. கேட்க வேண்டியதைக் கேட்போம்: கட்டியவன் பெயர் பொறித்த பலகையில், கல் சுமந்தவரையும் கதவுக்கு வெளியே கிடந்தவரையும் பற்றி எத்தனை வரி இருக்கிறது? அந்தக் கேள்வியை நார்மண்டிக் குன்றைக் குறித்துக் கேட்கப் பழகியவர்கள், தம் ஊரில் ஒரு பழைய லயத்தை இடிக்கும்போதும், ஒரு பழைய கணக்குப் புத்தகத்துக்குத் தீ வைக்கும்போதும், அதைப் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார்கள் என்று நம்புகிறேன்.